பெஞ்சில் இருப்பவரை உள்ளே கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டின் கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கும், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கும், ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கண் ஆஸ்பத்திரியில் என்னென்ன நடக்கும் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சீட்டு வாங்க வேண்டும். எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பார்கள், கண் அழுத்தம் பார்ப்பார்கள், சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்ற கேள்விகள் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். பிறகு டாக்டரின் அறை. அறை சிறியது, கருவிகள் பெரியவை. ஆகவே கூட வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெஞ்சில் பலமுறை உட்கார்ந்தவள் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சீட்டில் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: "தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறாரா? நடுநடுவே மூச்சு நின்று, பிறகு திணறலோடு வருகிறதா?" அதை நோயாளியிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். அவருக்குத் தெரியாது; அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருப்பவரை ஒரு நிமிடம் உள்ளே கூப்பிட்டு அவரிடம் கேளுங்கள். விடை அவரிடம் இருக்கிறது.

குறட்டைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் இந்த மடல் திறந்த மடல். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்பதற்காக எனக்குத் தெரிந்ததை முழுதாக எழுதுகிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த பழக்கமும் விடவில்லை.

குறட்டை விட்டுத் தூங்கினால் அலுப்புத் தீர நல்ல தூக்கம் என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். பக்கத்தில் படுத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். குறட்டை மெல்ல ஏறும். சுவரில் மோதும் அளவுக்கு உரக்கும். உச்சியில் திடீரென்று நின்றுபோகும். அறை அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் ஆபத்தானது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக மாறி மாறி எழும்பிக்கொண்டிருக்கும். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தால் காற்று வராது. பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேல். எழுப்பலாமா என்று கையை நீட்டும்போது, தண்ணீரில் மூழ்கியவர் தலையைத் தூக்குவது போல ஒரு திணறல், மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டால், "நன்றாகத்தானே தூங்கினேன்" என்பார். ஆனால் தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும், மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கும்.

தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. கழுத்து பருத்தவர்களுக்கும் தாடை சிறியவர்களுக்கும் அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது பத்து விநாடி காற்றோட்டம் நின்றால் அதை ஒரு நிறுத்தமாகக் கணக்கிடுகிறார்கள். காற்றோட்டம் முழுதாக நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. ஸ்லீப் ஆப்னியா என்று நீங்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்குகிறது. இரவு முழுவதும், ஆண்டுக்கணக்காக இப்படி நடந்தால், மிக நுண்ணிய இரத்தக்குழாய்களை வைத்திருக்கும் கண் மட்டும் எப்படித் தப்பும்?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2023-இல் கணக்கிட்டார்கள். வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம், வேலை செய்யும் வயதினரில் மட்டும் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. குறட்டைக்காக யாரும் மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் நாற்பது வயதானதும் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காக எல்லோரும் உங்களிடம் வருகிறார்கள். வேறு எந்த மருத்துவரிடமும் போகாத மனிதர்கூட உங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறார். இந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருவதற்குக் காரணமே இதுதான்.

இனி என் கணவரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த முகாம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. யார்மேலும் புகார் கொடுப்பது என் நோக்கமல்ல.

அவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். கனத்த உடம்பு, சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாத கழுத்து. ஐம்பது வயதை ஒட்டி அவருக்குக் காலையில் எழுந்ததும் வலது கண் சிவந்து, பீளை தள்ளி, உறுத்தத் தொடங்கியது. பத்துப் பதினொரு மணிக்குத் தானாகவே அடங்கிவிடும். உடம்புச் சூடு என்றார் அவருடைய அம்மா. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், இளநீர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் ஆயிற்று. மெட்ராஸ் ஐ என்று ஒருவர் சொட்டு மருந்து எழுதினார். அலர்ஜி என்று இன்னொருவர் வேறு சொட்டு மருந்து எழுதினார். கண் உலர்வு என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றக்கூடிய யூகம்தான். ஆனால் மெட்ராஸ் ஐ மாதக்கணக்கில் இருக்காது. அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் அரிக்கும். இவருக்கோ எப்போதும் வலது கண்தான். வலப்பக்கம் ஒருக்களித்து, தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறவர் அவர்.

இந்த நிலையை 1981-லேயே கல்பர்ட்சன், ஆஸ்ட்லர் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் அமெரிக்காவில் விவரித்துவிட்டார்கள். உடல் பருத்த ஆண்கள் சிலருக்கு மேல் இமை தளர்ந்துபோய், லேசாக இழுத்தாலே புரண்டுகொள்கிறது. இமைக்கு விறைப்புக் கொடுக்கும் தட்டுப் போன்ற திசுவில் எலாஸ்டின் குறைந்து அது தொளதொளத்துவிடுகிறது. தூக்கத்தில் இமை தானாகவே புரண்டு, உள்சவ்வு தலையணையில் இரவெல்லாம் உரசுகிறது. காலையில் சிவப்பு, பீளை, உறுத்தல். எந்தப் பக்கம் படுக்கிறாரோ அந்தப் பக்கம்தான் அதிகம். தளர்ந்த இமை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இப்படி இமை தளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறும் இருக்கிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் கருவிழியும் உரசிப் புண்ணாகலாம்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைக் கட்டைவிரலால் புருவத்தை நோக்கித் தள்ளினால் போதும். நல்ல இமை எளிதில் புரளாது. அதைப் புரட்ட வேண்டுமென்றால் நீங்கள் ரெப்பை மயிரைப் பிடித்து, ஒரு குச்சியை மேலே வைத்து மடக்க வேண்டியிருக்கும். தளர்ந்த இமை விரல் பட்டதுமே வெளிப்பக்கம் மடிந்து, உள்ளேயிருக்கும் சிவந்த சவ்வைக் காட்டிவிடும். ரெப்பை மயிர் வரிசை குலைந்து கீழ்நோக்கித் தொங்குவதும் ஓர் அடையாளம். இவ்வளவையும் பார்க்கச் சில விநாடிகள் போதும். கிராமத்துப் பார்வை மையத்தில் கண்ணாடிக்குப் பரிசோதிக்கும் பெண்களுக்கு ஒரே பிற்பகலில் கற்றுத் தரலாம்.

என் கணவரின் இமையை அந்த ஆண்டுகளில் யாரும் அப்படித் தள்ளிப் பார்க்கவில்லை. அவர் தூங்குவதை யாரும் விசாரிக்கவும் இல்லை.

ஒரு நாள் காலை தினசரி நாள்காட்டியில் தேதி கிழிக்கப் போனவர் அப்படியே நின்றார். வலது கண்ணால் பார்த்தால் பெரிய எழுத்தில் தேதி தெரிகிறது. அதற்குக் கீழே நல்ல நேரம், இராகு காலம் போட்டிருக்கும் வரிகள் இல்லை. அழிந்தது போல இல்லை, கறுப்பாகவும் இல்லை. அந்தப் பாதியே இல்லை. இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. வலி கிடையாது. முந்தின இரவு செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் படுத்தவர் அவர்.

பார்வை நரம்பின் தலைப்பகுதிக்குப் போகும் இரத்தம் தடைபட்டு நரம்பு அடிபடுவதை, சாதாரணப் பேச்சில் கண்ணில் வந்த பக்கவாதம் என்கிறார்கள். வலியில்லாமல், திடீரென்று, ஒரு கண்ணில், பெரும்பாலும் பார்வையின் மேல்பாதியோ கீழ்பாதியோ போய்விடுகிறது. கீழ்பாதி போவதே அதிகம். பலர் அதை உணர்வது காலையில் எழுந்தவுடன்தான். இரவில் இரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்குவது, ஆக்சிஜன் குறைவது, நரம்பு வெளியேறும் துளை பிறவியிலேயே சிறியதாக இருந்து நரம்பிழைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் சேர்ந்தால் இது நிகழ இடமுண்டு. சுகரும் பிரஷரும் கூடவே இருந்தால் ஆபத்து கூடுகிறது.

2002-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. இந்த நோய் வந்த 17 பேரைத் தூக்கப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். 12 பேருக்கு மூச்சு நிற்கும் கோளாறு இருந்தது. எண்ணிக்கை சிறியது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பின் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

அன்று அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் கண்ணின் பின்புறத்தைப் பார்த்ததும் நரம்பு வீங்கியிருப்பதைச் சொன்னார். வயதானவர்களுக்கு நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய் அழற்சியாலும் இப்படி வரலாம், அது அவசர நோய் என்று இரத்தப் பரிசோதனைக்கு உடனே எழுதிக் கொடுத்தார். அது இல்லை என்று தெரிந்தது. பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்து, பெஞ்சில் இருந்த என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இவர் குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நிற்குமா?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினார். தூக்க ஆய்வில் மணிக்கு 46 என்று வந்தது.

போன பாதி திரும்பவில்லை. அடிபட்ட நரம்பை மீட்க இதுவரை உறுதியான மருத்துவம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மனிதனுக்கு இரண்டு கண். ஒரு கண்ணில் இது வந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்குள் மறு கண்ணிலும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு சொல்கிறது. தூக்க மூச்சுக் கோளாறு கடுமையாக இருந்தும், தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு மறு கண் பாதிப்பு கூடுதல் என்று பிரான்சில் நடந்த ஆய்வு கண்டிருக்கிறது. அவர் இப்போது தினமும் கருவியோடுதான் தூங்குகிறார். காலைச் சிவப்பும் பீளையும் பெரிதும் குறைந்துவிட்டன. இடது கண் நன்றாக இருக்கிறது. அந்த இளம் மருத்துவர் கதவைத் திறந்து கேட்ட கேள்விக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

சிபாப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் குழுவினர் இந்த முறையை வெளியிட்டார்கள். மூக்கில் பொருத்திய முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து செலுத்தினால் தொண்டை மூடாமல் திறந்தே இருக்கிறது. மருந்தில்லை, ஊசியில்லை. பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். உடல் எடையைக் குறைப்பது, மல்லாந்து படுக்காமல் இருப்பது, இரவில் மதுவைத் தவிர்ப்பது ஆகியவையும் உதவுகின்றன. லேசான கோளாறாக இருந்தால் தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவியும் உண்டு.

இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மூக்கின் பக்கவாட்டில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். கண் உலர்ந்து சிவக்கும். அப்படி வருகிற நோயாளியிடம் "அந்த மெஷினைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு அப்படிச் சொல்லப்பட்டது. கருவியைப் போடுவது பலருக்கும் சங்கடமான காரியம். நிறுத்த ஒரு சாக்கு கிடைத்தால் அது நிரந்தரமாக அலமாரிக்குப் போய்விடும். முகமூடியின் அளவை மாற்றச் சொல்லுங்கள், இரவில் போட ஜெல் எழுதிக் கொடுங்கள், கருவி கொடுத்த மருத்துவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

பார்வை நரம்பு மெல்லத் தேய்ந்து பார்வை போகும் கிளாக்கோமாவைப் பற்றி அளவோடுதான் பேச வேண்டும். தூக்க மூச்சுக் கோளாறு உள்ளவர்களிடம் கிளாக்கோமா கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. காரணம் எது என்பதிலும் இன்னும் வழக்கு தீரவில்லை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணர்கருவி பதித்த கான்டாக்ட் லென்ஸை அணிவித்து, தூங்குகிறவர்களின் கண் அழுத்தத்தை இரவு முழுவதும் அளந்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், மூச்சு நிற்கும் நேரத்தில் கண் அழுத்தம் ஏறவில்லை, இறங்கியது. அப்படியானால் நரம்பு கெடுவது அழுத்தத்தால் அல்ல, ஆக்சிஜன் குறைவால் இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கண் அழுத்தம் அளவுக்குள்ளேயே இருந்தும் நரம்பு தேய்ந்துகொண்டே போகிறவர்கள் உங்களிடம் வருகிறார்கள். பகலில் அளக்கும் எண் சரியாக இருக்கிறது, சொட்டு மருந்தும் போகிறது, பார்வைப் புலம் மட்டும் சுருங்குகிறது. அவர்களுடைய இரவுகளை யாராவது விசாரித்தார்களா? இன்னொரு பக்கம், சிபாப் போடும்போது கண் அழுத்தம் சற்றே கூடுவதாகவும் ஆய்வு உண்டு. ஆகவே கிளாக்கோமா உள்ளவர் சிபாப் தொடங்கினால் அதுவும் உங்கள் சீட்டில் ஏற வேண்டும்.

விழித்திரைக்கு வந்தால், அங்கிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில் அடைப்பு, விழித்திரைக்கு அடியில் நீர் கோப்பது போன்றவற்றோடும் இந்தக் கோளாறுக்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுக்கு மூச்சுக் கோளாறும் இருந்தால் விழித்திரைப் பாதிப்பு கடுமையாக இருக்கும் வாய்ப்பு கூடுவதாக பர்மிங்காமில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் சிபாப் போட்டால் சர்க்கரை நோயால் வந்த விழித்திரை வீக்கத்தில் பார்வை மேம்படுமா என்று பிரிட்டனில் சோதித்தபோது, ஓராண்டுக்குப் பின் பார்வையில் முன்னேற்றம் தெரியவில்லை. 2018-இல் வந்த முடிவு அது. இதையும் எழுதுவது என் கடமை. சிபாப் எல்லாக் கண் நோயையும் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூச்சுக் கோளாறைக் கண்டுபிடிப்பதால் இதயமும் மூளையும் இரத்த அழுத்தமும் காப்பாற்றப்படுகின்றன; கண்ணுக்குச் சிலவற்றில் தெளிவான பயன், சிலவற்றில் இன்னும் உறுதியாகாத பயன். கேள்வியைக் கேட்பதற்கு இவ்வளவு காரணம் போதாதா?

எடை குறைக்கும் புதிய ஊசிகள் இப்போது நம் ஊர் மருந்துக்கடைக்கும் வந்துவிட்டன. செமாக்ளூடைடு என்ற மருந்தை எடுப்பவர்களில் மிக மிக அரிதாகச் சிலருக்கு, என் கணவருக்கு வந்த அதே பார்வை நரம்புப் பாதிப்பு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025-இல் அறிவித்தது. அந்த ஊசிகளைத் தேடிப் போகிறவர்கள் யார்? கனத்த உடம்புக்காரர்கள், சர்க்கரை நோயாளிகள், குறட்டை விடுகிறவர்கள். ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மருத்துவர் முடிவு. அதைப் போடுகிறவர்களின் கண்ணையும் தூக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும் என்கிறேன்.

பெண்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எய்ம்ஸ் கணக்கில் ஆண்கள் 13 விழுக்காடு, பெண்கள் 5 விழுக்காடு. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இந்தக் கோளாறு கூடுகிறது. பெண் குறட்டை விட்டால் நம் வீடுகளில் அதை வெளியே சொல்வதில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் வரிசையாகப் படுக்கும்போது, தன் குறட்டை கேட்டுவிடுமோ என்று உட்கார்ந்தே விடிய வைத்த அத்தை எனக்கு உண்டு. பகலில் தூங்கி விழுந்தால் சோம்பேறி என்பார்கள். களைப்பு என்று சொன்னால் இரத்தச்சோகை, தைராய்டு என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். கணவரை இழந்து தனியாகப் படுக்கும் பெண்ணுக்குச் சாட்சி சொல்லவும் ஆள் கிடையாது. ஆகவே பெஞ்சில் இருப்பவர் மகளாக இருந்தாலும், மருமகளாக இருந்தாலும், விடுமுறைக்கு வந்து பாட்டியோடு படுக்கும் பேத்தியாக இருந்தாலும் கேளுங்கள். "குறட்டை விடுவீர்களா?" என்று பத்துப் பேருக்கு முன்னால் பெண்ணிடம் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். காலைத் தலைவலி உண்டா, இரவில் மூச்சுத் திணறி எழுவீர்களா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா என்று கேட்டால் சொல்வார்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேர் வருகிற இடத்தில் எங்கே நேரம் என்பீர்கள். நியாயம். அதனால்தான் டாக்டரின் நேரத்தை நான் கேட்கவில்லை. சீட்டு எழுதும் மேசையிலேயே கேட்கும்படி அச்சடிக்கச் சொல்கிறேன். 2008-இல் டொரண்டோவில் பிரான்சிஸ் சுங் என்ற மருத்துவர் குழுவினர் எட்டே கேள்விகளில் ஓர் அட்டவணை செய்தார்கள். ஸ்டாப்-பேங் என்று பெயர். குறட்டை, பகல் களைப்பு, பிறர் பார்த்த மூச்சு நிறுத்தம், இரத்த அழுத்தம், உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணா என்பது. ஆம் அல்லது இல்லை என்று எட்டு விடைகள். கழுத்தை அளக்கத் தையற்காரரின் டேப் போதும். மூன்றோ அதற்கு மேலோ ஆம் வந்தால் சந்தேகப்படலாம். நம் மக்களுக்கு அமெரிக்கர் அளவு பருமன் இல்லாமலேயே இந்தக் கோளாறு வருகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கே ஒரு லாபமும் இருக்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சை மேசையில் மயக்கம் தரும் மருந்து லேசாகக் கொடுத்ததும் குறட்டை விட்டுத் தூங்கி, மூச்சு நின்று, திடுக்கிட்டுத் தலையை அசைக்கும் நோயாளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் கருவி இருக்கும் நேரத்தில் அந்த அசைவு என்ன செய்யும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். முன்கூட்டிக் கேட்டிருந்தால் மயக்க மருந்து நிபுணர் எச்சரிக்கையாக இருப்பார்.

லாரி டிரைவர்களுக்குக் கண் முகாம் நடத்துகிறீர்கள். எங்கள் ஊரில் அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். தூரப் பார்வை, நிறப் பார்வை பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறீர்கள். அதே நாற்காலியில் இருக்கும்போதே தூக்கத்தையும் கேட்டுவிடுங்கள். 6/6 பார்வை இருந்தும் ஸ்டீயரிங்கில் கண் மூடிப்போகிறவரால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்தக் கோளாறு இருக்கிறது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று டிரைவர் பயப்படுவார். முதலாளி காதில் விழாமல் கேளுங்கள். மருத்துவம் எடுத்துக்கொண்டால் நன்றாக வண்டி ஓட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் இந்த மடலின் ஒரு பகுதி போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் தன்னார்வலரும் வீட்டு வாசலுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்படும் மனிதர் அங்கே வாசலிலேயே நிற்கிறார். அவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கச் செய்யுங்கள். பிறகு அந்த ஆட்கள் எங்கே போவார்கள் என்பதற்கு வழி செய்யுங்கள். தூக்கப் பரிசோதனைக்காக மாவட்டத் தலைநகரைத் தாண்டி அலைய வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே பொருத்திக்கொண்டு தூங்கும் சிறிய கருவிகள் இருக்கின்றன, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அவற்றை வையுங்கள். சிபாப் கருவி இன்னமும் கூலி வேலை செய்கிறவர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. வாடகைக்கோ தவணைக்கோ அரசு மருத்துவமனை வழியாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

தூக்கப் பரிசோதனை நடத்தும் நுரையீரல், காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களுக்கும் ஒரு வரி: கடுமையான கோளாறு என்று முடிவு வந்தவர்களைக் கண் மருத்துவரிடமும் அனுப்புங்கள். கண்ணின் பின்புறத்தை ஒருமுறை பார்த்து வைத்தால், பின்னால் ஏதாவது மாறும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரு நாள் காலை பாதிப் பார்வை மறைந்தால், வலி இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றே ஓடிவர வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

1819-இல் எழும்பூரில் கண் மருத்துவமனை தொடங்கிய மண் இது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978-இல் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவை எழுப்பினார். பஸ் அனுப்பி ஏழைகளை அழைத்து வந்து, புரை நீக்கி, சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பும் முறையை உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒரு கேள்வியைச் சீட்டில் சேர்ப்பது உங்களால் ஆகாத காரியமல்ல என்ற நம்பிக்கையும் அதிலிருந்துதான் வருகிறது.

அந்த எட்டுக் கேள்விகளையும் எங்கள் வட்டாரத்துப் பேச்சுக்கு ஏற்றபடி, படிக்காதவருக்கும் புரியும் எளிய தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து சரிபார்த்தோம். மருத்துவர் ஒருவர் திருத்திக் கொடுத்தால் ஒரு பக்கத்தில் அச்சடித்துவிடலாம். முகாம் நாளில் டேப்பையும் தாளையும் எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டு எழுதித்தர நாங்களே வருகிறோம். எந்த மருத்துவமனை முதலில் கூப்பிடுகிறதோ அங்கே அடுத்த முகாமிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
நாமக்கல்.